வெளிநாட்டில் டிசைனர் வேலை: யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுக்குப் போவது என்று முடிவெடுத்ததும் டிசைனர் போர்ட்போலியோவைத் திருத்த உட்காருகிறார். வீட்டார் கனடா மாமாவுக்கு அழைப்பெடுக்கிறார்கள். இரண்டும் நடக்கட்டும். ஆனால் நம்மவர்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் வேறு. அச்சகத்திலும் ஸ்டூடியோவிலும் ஆறு வருடம் உழைத்தவரிடம் அந்த ஆறு வருடத்துக்கும் ஒரு நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, வங்கிப் பதிவு இல்லை. சேர்ந்தது வாய்ப்பேச்சில், சம்பளம் வாங்கியது கையில். வேலை தருபவர் உங்கள் கைவண்ணத்தைப் பார்ப்பார். விசா அதிகாரியோ உங்கள் வருடங்களை எண்ணுவார், அதுவும் தாளில் இருப்பதை மட்டுமே. ஆகவே இந்த வழிகாட்டி தாள்களிலிருந்து தொடங்குகிறது. போர்ட்போலியோ பிறகுதான் வரும்.

முதல் படி: உங்கள் தொழிலுக்குரிய இலக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு டிசைனர் காலையில் கல்யாண அட்டை செய்வார், மத்தியானம் சாமத்திய வீட்டு அல்பம் கட்டுவார், பின்னேரம் கோயில் திருவிழாப் பதாகையை அச்சுக்கு அனுப்புவார், இடையில் ஒரு கடையின் பேஸ்புக் பக்கத்துக்கும் படம் போடுவார். உள்ளூரில் இது பலம். குடிவரவு விண்ணப்பத்திலோ ஒருவருக்கு ஒரு முதன்மைத் தொழில்தான் இருக்கமுடியும்.

கனடாவின் தொழில் வகைப்பாட்டில் வரைகலை வடிவமைப்பாளரும் சித்திரக்காரரும் 52120 என்ற இலக்கத்தின் கீழும், இணைய வடிவமைப்பாளர் 21233 இன் கீழும், உள்ளக அலங்கார வடிவமைப்பாளர் 52121 இன் கீழும் வருகிறார்கள். அவுஸ்திரேலியாவில் வரைகலை வடிவமைப்பாளருக்கு 232411, இணைய வடிவமைப்பாளருக்கு 232414. ஒவ்வொரு இலக்கத்தின் கீழும் அந்தத் தொழிலைச் செய்பவரின் கடமைகள் பட்டியலாகத் தரப்பட்டிருக்கும். அதை வாசித்துவிட்டு, உங்கள் வாரத்தில் கூடுதலான நேரம் எந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். இனிமேல் நீங்கள் எடுக்கும் கடிதம், எழுதும் சுயவிபரக் கோவை, காட்டும் படைப்பு எல்லாம் அந்த ஓர் இலக்கத்தையே சுட்டவேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், அச்சு வடிவமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டு விசா பெறுவது கடினமாகிக்கொண்டே வருகிறது. பல நாடுகள் ஊதிய வரம்பை உயர்த்திவிட்டன, சாதாரண அச்சுக்கூட வேலையின் சம்பளம் அந்த வரம்பை எட்டுவதில்லை. பதாகையும் துண்டுப்பிரசுரமும் போன்ற அன்றாட வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு கடைக்காரரே செய்துகொள்ளத் தொடங்கிவிட்டார். செயலி, இணையத்தளம் போன்றவற்றின் பயனர் இடைமுகத்தை வடிவமைப்பவருக்கும் அசைவுப்பட வடிவமைப்பாளருக்கும் கதவு சற்று அகலமாகத் திறந்திருக்கிறது. அச்சில் கைதேர்ந்தவர் பொதியிடல் வடிவமைப்பின் பக்கம் நகரலாம். மை, காகிதம், வெட்டுக்கோடு பற்றி அவர் கற்றது அங்கே வீணாகாது.

இரண்டாம் படி: உழைத்த வருடங்களைத் தாளில் ஏற்றுங்கள்

இங்கேதான் அதிக காலம் எடுக்கும். பணம் அவ்வளவாகத் தேவைப்படாது.

நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் நான்கு பொருட்கள் வேண்டும்: நியமனக் கடிதம், மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்த பதிவு, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு. சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 சதவீதம் செலுத்தவேண்டும். இது சட்டக் கடமை. சிறிய ஸ்டூடியோக்களில் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்த விடயம்தான். சேமலாப நிதி உடனே கைகூடாவிட்டாலும், அடுத்த மாதச் சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலான முதலாளிகள் மறுப்பதில்லை.

அடுத்தது அனுபவக் கடிதம். நம் ஊரில் எழுதப்படும் கடிதம் அநேகமாக இப்படி இருக்கும்: இவர் நல்லொழுக்கமுள்ளவர், கடின உழைப்பாளி, இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். வாழ்த்துக்கு நன்றி, குடிவரவு அலுவலகத்தில் அதற்குப் புள்ளி கிடையாது. கனடா எதிர்பார்க்கும் கடிதத்தில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அச்சிட்ட தாள், உங்கள் பதவி, சேர்ந்த திகதி, விலகிய திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம், சலுகைகள், நீங்கள் செய்த கடமைகள், பொறுப்பானவரின் கையொப்பம் ஆகியவை இருக்கவேண்டும். கடமைகள் என்ற இடத்தில் அந்தத் தொழில் இலக்கத்தின் பட்டியலை அப்படியே பிரதிசெய்து ஒட்டாதீர்கள். அதிகாரிகள் அந்தப் பட்டியலை மனப்பாடமாக அறிந்தவர்கள். நீங்கள் உண்மையில் செய்த வேலையை, அந்தப் பட்டியலோடு பொருந்தும் இடங்களில் விரித்து எழுதச் சொல்லுங்கள்.

தனியாகத் தொழில் செய்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. கனடாவின் கூட்டாட்சித் திறன்மிகு தொழிலாளர் திட்டத்தில் வெளிநாட்டில் சுயதொழிலாகச் செய்த அனுபவமும் கணக்கில் வரும். ஆனால் ‘நான் இதைச் செய்தேன்’ என்று நீங்களே எழுதிக் கொடுப்பது சான்றாகாது. தொழில் உங்களுடையது என்பதற்கான ஆவணம், வருமானத்துக்கான ஆதாரம், வாடிக்கையாளர் எழுதிய கடிதம், அவர் பணம் செலுத்திய விபரம் என்பன கேட்கப்படும். ஆகவே பிரதேச செயலகத்தின் ஊடாக வணிகப் பெயரைப் பதிவுசெய்யுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துனர் அடையாள இலக்கம் எடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு அனுப்பி, பணத்தை வங்கி வழியாகவே பெறுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால், பேபால் கணக்கின் மூலம் இலங்கையில் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் வசதி இல்லாததால், பலரும் பேயோனியரைப் பயன்படுத்துகிறார்கள். அதன் மாதாந்தக் கூற்றுகளைத் தரவிறக்கிச் சேமித்து வையுங்கள்.

அவுஸ்திரேலியாவுக்கு வரைகலை வடிவமைப்பாளரின் திறனை மதிப்பிடும் நிறுவனம் வெட்டசெஸ். அது வாரத்துக்கு 20 மணித்தியாலமாவது சம்பளத்துடன் செய்த வேலையையே கணக்கெடுக்கும். சம்பளம் பெற்றதற்கும் ஆதாரம் கேட்கும். நண்பரின் கடைக்கு இலவசமாகச் செய்துகொடுத்த இலச்சினை எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே சேராது.

கல்விச் சான்றிதழுக்கும் இதே கதைதான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டம், மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வழங்கும் காண்பியக் கலைப் பட்டம் போன்றவை இருந்தால் மதிப்பீடு நேராகப் போகும். மூன்று மாதக் கணினி வகுப்பின் சான்றிதழ் வெளிநாட்டு மதிப்பீட்டில் எடைபெறாது. பட்டமில்லாமல் அனுபவம் மட்டும் உள்ளவர், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் தேசிய தொழிற்தகைமைத் திட்டத்தைப் பாருங்கள். அதில் முன்னர் பெற்ற அனுபவத்தைப் பரீட்சித்துத் தகைமை வழங்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஜேர்மனி போன்ற நாடுகள் பயிற்சிக் காலத்தையும் பார்க்கும் என்பதால் இது எல்லாக் கதவையும் திறந்துவிடாது. ஆனாலும் வெறுங்கையோடு நிற்பதைவிட மேல்.

பொய்க் கடிதம் பற்றி ஒரு சொல். தெரிந்தவரின் நிறுவனத்தில் வேலை செய்ததாக ஒரு கடிதம் எடுத்துத் தருவதாக யாராவது சொல்வார்கள். கனடாவில் தவறான தகவல் தந்தது பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. கடிதம் தந்தவர் யாழ்ப்பாணத்தில் நிம்மதியாக இருப்பார்.

மூன்றாம் படி: பெயரைச் சரிசெய்யுங்கள்

தமிழருக்கென்றே அமைந்த தொல்லை இது. பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழில் இருக்கும். சாதாரண தரச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். அடையாள அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம். நமக்கு எல்லாம் ஒரே ஆள்; அந்நிய நாட்டு அதிகாரிக்கு மூன்று பேர்.

கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆவணங்களில் எங்கெங்கே மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். திருத்தமுடியாததற்கு, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். இனிமேல் நீங்கள் எடுக்கும் அனுபவக் கடிதமும் வங்கிக் கணக்கும் லிங்க்ட்இன் பக்கமும் கடவுச்சீட்டுப் பெயரிலேயே இருக்கட்டும். கலைஞர் என்ற முறையில் வைத்துக்கொண்ட புனைபெயர் இன்ஸ்ரகிராமோடு நிற்கட்டும்.

தமிழ் ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே மொழிபெயர்க்கவேண்டும். வெளிநாட்டில் காட்டுவதற்கான அத்தாட்சிக்கு முன்னர் கொழும்புக்கே ஓடவேண்டியிருந்தது. இப்போது கொன்சியூலர் அலுவல்கள் பிரிவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே இயங்குகிறது. 2025 செப்டெம்பர் முதல் கடவுச்சீட்டுக்கான பிராந்திய அலுவலகமும் கச்சேரியிலேயே இருப்பதால் அதற்காக வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போகவேண்டியதில்லை. பொலிஸ் நற்சான்றுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதைக் கடைசியில் எடுங்கள், முன்கூட்டியே எடுத்தால் காலாவதியாகிவிடும்.

நான்காம் படி: நாட்டைத் தெரிவுசெய்யுங்கள்

நம் குடும்பங்களில் நாட்டைத் தெரிவுசெய்வது உறவினர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. தங்க அறையும் சோறும் கிடைக்கும் என்பது உண்மையான அனுகூலம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் விசா விதிகள் உறவை எப்படிப் பார்க்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கனடாவையே எடுப்போம். கூட்டாட்சித் திறன்மிகு தொழிலாளர் திட்டத்துக்குத் தகுதிபெற 100க்கு 67 புள்ளி வேண்டும். கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள மாமா அல்லது சித்தி இருந்தால் அதில் 5 புள்ளி கிடைக்கும். தகுதிபெற்று, எக்ஸ்பிரஸ் என்ட்ரி எனப்படும் விண்ணப்பதாரர் பட்டியலுக்குள் போனபிறகு நடக்கும் தரவரிசைப் புள்ளியில் மாமாவுக்கு எதுவுமில்லை. கூடப்பிறந்த சகோதரம் அங்கே இருந்தால் மட்டும் 15. வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு முன்பு கிடைத்த கூடுதல் புள்ளிகளும் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டுவிட்டன. 2024இல் நடந்த பொதுவான தெரிவுகளில் வெட்டுப்புள்ளி 500ஐத் தாண்டியே நின்றது. டிசைனருக்கென்று தனித் தெரிவு இல்லை. பிரெஞ்சு மொழியில் தேர்ச்சி பெற்றவர்களுக்கான தெரிவுகளில் வெட்டுப்புள்ளி கணிசமாகக் குறைவு. மாகாண நியமனம் கிடைத்தால் 600 புள்ளி சேரும். கனடாதான் வேண்டும் என்று நிற்பவர், ஆங்கிலத் தேர்வை மூன்றாம் தடவை எழுதுவதைவிடப் பிரெஞ்சு வகுப்புக்குப் போவது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். ஒன்றரை, இரண்டு வருடம் எடுக்கும், ஆனால் பலன் தெரியும்.

ஜேர்மனியை நம் டிசைனர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. 2024 யூன் 1 முதல் அங்கே வாய்ப்பு அட்டை என்ற திட்டம் நடைமுறையில் இருக்கிறது. கையில் வேலை இல்லாமலே போய், ஒரு வருடம் வரை தங்கி வேலை தேடலாம். அந்தக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் பகுதிநேர வேலையும் செய்யலாம். அடிப்படைத் தகுதியாக, படித்த நாட்டின் அரசு அங்கீகரித்த பட்டமோ குறைந்தது இரண்டு வருடத் தொழிற்பயிற்சியோ வேண்டும். கூடவே ஜேர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்ச்சி அல்லது ஆங்கிலத்தில் பி2 என்ற மேல் இடைநிலைத் தேர்ச்சி. அதன்மேல் 6 புள்ளி சேர்க்கவேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: வயது 35க்கு உட்பட்டால் 2, கடந்த ஐந்து வருடத்தில் படிப்போடு தொடர்பான இரண்டு வருட வேலை அனுபவத்துக்கு 2, ஜேர்மன் ஏ2க்கு 1, ஆங்கிலம் சி1க்கு 1. ஆறு வந்துவிட்டது. 29 வயதுப் பட்டதாரி டிசைனருக்கு இது எட்டாத உயரமில்லை. பணம்தான் பாரம். 2025இல் மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு, ஏறத்தாழ 13,000 யூரோவை, மாதாமாதம் மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் காட்டவேண்டியிருந்தது. இந்தத் தொகை அவ்வப்போது மாறும். இன்னொன்று, இந்த அட்டையில் சுயதொழில் செய்ய அனுமதியில்லை. போய் இறங்கிப் பழைய வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து சமாளிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் அங்கே எப்படி மதிக்கப்படுகின்றன என்பதை அனபின் என்ற தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அதை இன்றைக்கே செய்யலாம்.

பிரித்தானியாவில் திறன்மிகு தொழிலாளர் விசாவுக்கு, உரிமம் பெற்ற நிறுவனம் உங்களைப் பொறுப்பேற்கவேண்டும். 2025 யூலை 22 முதல் பொதுவான ஊதிய வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண். சுகாதாரக் கட்டணம் தனியாக வருடத்துக்கு 1,035 பவுண். இளநிலை டிசைனரை இந்தச் சம்பளத்துக்கு எடுக்கும் நிறுவனங்கள் குறைவு. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசாங்கமே வெளியிடுகிறது. லண்டனில் யாராவது வேலை தருவதாகச் சொன்னால் முதலில் அந்தப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அவுஸ்திரேலியா நல்ல ஊதியம் தரும் நாடு. 45 வயதுக்கு உட்பட்டிருக்கவேண்டும், குறைந்தது 65 புள்ளி வேண்டும். மாநிலங்களின் தொழிற்பட்டியல்கள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் மாதத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்த்தே முடிவெடுக்கவேண்டும். சிங்கப்பூரில் எம்ப்ளொய்மென்ட் பாஸ் எனப்படும் தொழில் அனுமதிக்கு 2025 முதல் மாதம் 5,600 சிங்கப்பூர் டொலர் குறைந்தபட்சச் சம்பளம். வயது கூடக்கூட அதுவும் கூடும். மூத்த டிசைனர்களுக்கான இடம் அது.

டுபாய் வேறு கணக்கு. விசா விரைவில் முடியும், சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, விளம்பர நிறுவனங்களும் கட்டட நிறுவனங்களும் டிசைனர்களைத் தொடர்ந்து எடுக்கின்றன. நிரந்தரக் குடியுரிமைக்கான பாதை இல்லை என்று சொல்லி வீட்டார் மறுக்கலாம். ஆனால் சர்வதேச வாடிக்கையாளர்களுக்கு இரண்டு மூன்று வருடம் செய்த வேலை, முறையான ஒப்பந்தம், மாதாமாதம் வங்கியில் சம்பளம் என்று இரண்டாம் படியில் சொன்ன தாள்கள் எல்லாம் அங்கே தாமாகவே சேர்ந்துவிடும். பிறகு கனடாவுக்கோ ஜேர்மனிக்கோ விண்ணப்பிக்கும்போது நீங்கள் வேறு ஆள். இடைத்தங்கலாக டுபாயை நான் மதிக்கிறேன். அங்குள்ள தொழிற் சட்டப்படி ஆட்சேர்ப்புச் செலவையும் விசாச் செலவையும் முதலாளியே ஏற்கவேண்டும், ஊழியரிடம் அறவிடக்கூடாது. சுற்றுலா விசாவில் போய் நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர்கள் உண்டு. அந்த விசாவில் வேலை செய்வது குற்றம்.

ஐந்தாம் படி: போர்ட்போலியோ

நான்கு அல்லது ஐந்து வேலைகள் போதும். நாற்பது பதாகைகளைக் காட்டினால் பார்ப்பவர் மூன்றாவதில் மூடிவிடுவார். ஒவ்வொரு வேலைக்கும் என்ன சிக்கல் இருந்தது, யாருக்காகச் செய்தீர்கள், எதை முயன்று கைவிட்டீர்கள், ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள், பிறகு என்ன நடந்தது என்று சில பந்திகளில் எழுதுங்கள். கைவிட்ட வரைவுகளையும் காட்டுங்கள். அங்கே மூத்த டிசைனர்கள் தேடுவது உங்கள் சிந்தனைப் போக்கை.

யாழ்ப்பாண டிசைனரிடம் ஒரு சொத்து இருக்கிறது, அவருக்கே அதன் பெறுமதி தெரிவதில்லை. மூன்று மொழிகளை ஒரே பொதியில் அடக்கும் பழக்கம் அது. சிங்களத்தின் வட்டம், தமிழின் அகலம், ஆங்கிலத்தின் பேரெழுத்து எல்லாம் ஒரு சிறிய லேபிளில் சண்டையில்லாமல் உட்காரவேண்டும். கனடாவில் விற்கும் பொருட்களின் பொதிகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கட்டாயம். டுபாயில் அரபும் ஆங்கிலமும் எதிரெதிர்த் திசைகளில் ஓடும். பனங்கட்டிக்கோ மிளகாய்த்தூளுக்கோ செய்த மும்மொழிப் பொதி ஒன்றை, எழுத்துருத் தெரிவு, வரி இடைவெளி, எந்த மொழியை எங்கே வைத்தீர்கள் என்ற விளக்கத்தோடு காட்டுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு அதை விளக்க உங்களால் முடிந்தால் நேர்முகத் தேர்வில் பாதி தாண்டியாகிவிட்டது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் ஒருங்குறிக்கு மாறிவிடுங்கள். அச்சகத்தில் பாமினி இன்னும் ஓடும்; இணையத்திலும் செயலியிலும் அது குப்பை எழுத்தாக உடையும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச உரிம எழுத்துருக்கள் இருக்கின்றன.

உரிமம் என்றதும் மென்பொருள் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் உடைத்த அடோபிதான் வழக்கம், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இது சட்டச் சிக்கல். தொலைவிலிருந்து அவர்களுக்கு வேலை செய்யும்போது, திருட்டு மென்பொருளிலும் உரிமமில்லாத எழுத்துருவிலும் செய்த கோப்பை அனுப்பினால் உறவு முடிந்துவிடும். ஃபிக்மாவின் இலவசக் கணக்கு, இன்க்ஸ்கேப், கிரிட்டா என்று வழிகள் இருக்கின்றன; அஃபினிட்டியும் 2025 ஒக்டோபரிலிருந்து இலவசம். ஃபிரீபிக்கிலிருந்து எடுத்த வார்ப்புருவின் நிறத்தை மாற்றி உங்கள் படைப்பு என்று போடாதீர்கள். அங்கே அதே தளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள்.

கல்யாண அட்டை போடலாமா என்று கேட்பார்கள். ஒன்று போடலாம், அது சிறந்ததாக இருந்தால். பெஹான்ஸ் என்ற படைப்புகளைக் காட்டும் தளத்தில் முழுத் தொகுப்பும், விண்ணப்பத்தோடு அனுப்ப ஒரு பி.டி.எப். கோப்பும் வைத்திருங்கள். நிறுவனத்துக்காகச் செய்த வேலையைக் காட்டுமுன் அனுமதி கேளுங்கள்.

ஆறாம் படி: மொழித் தேர்வு

பிரிட்டிஷ் கவுன்சிலுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் இருக்கிறது. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் விபரங்களை அங்கேயே கேட்கலாம். பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லும் என்பதால் தாள்கள் தயாராகும் நேரத்தில் எழுதுங்கள். எந்த நாட்டுக்கு எந்த வகைத் தேர்வு என்பதை முதலில் பாருங்கள்: கனடாக் குடிவரவுக்குப் பொதுப் பயிற்சி வகை. மாணவர்களுக்கான வகையை எழுதிவிட்டுத் திரும்ப எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

தேர்வுப் புள்ளி ஒரு பக்கம். உங்கள் வடிவமைப்பை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசும் பழக்கம் இன்னொரு பக்கம். எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித்தருவதில்லை. ஒவ்வொரு கிழமையும் ஒரு வேலையை எடுத்து விளக்கிப் பேசி, கைத்தொலைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். முதல் பதிவு சகிக்காது.

ஏழாம் படி: வேலை தேடுதல்

நம் சுயவிபரக் கோவைகள் சாதகக் குறிப்புப் போல இருக்கின்றன: பிறந்த திகதி, மதம், தகப்பன் பெயர், திருமண நிலை, அடையாள அட்டை இலக்கம், புகைப்படம். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியாவுக்கு இவை அனைத்தையும் எடுத்துவிடுங்கள். ஒன்று அல்லது இரண்டு பக்கம், முதல் பக்கத்தின் மேலேயே போர்ட்போலியோ இணைப்பு.

நூறு விண்ணப்பத்தை ஒரே வார்ப்பில் அனுப்புவதைவிட முப்பது நிறுவனங்களைத் தெரிந்தெடுங்கள். வெளிநாட்டவரை எடுக்கும் உரிமம் உண்டா, ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா என்று லிங்க்ட்இனில் அங்கே வேலை செய்பவர்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு வடிவமைப்புக் குழுவின் தலைவருக்கு நேரடியாக, சுருக்கமாக எழுதுங்கள். அவர்களின் வேலையில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பதில் வராத கடிதங்கள்தான் அதிகமாக இருக்கும்.

இன்னொரு பாதை எனக்கு மிகவும் பிடித்தது: முதலில் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்வது. ஒரு வருடம் உங்களை அறிந்த நிறுவனம் விசாச் செலவை ஏற்கத் தயங்குவது குறைவு. உங்கள் கோப்பிலும் வெளிநாட்டு வருமானத்தின் பதிவு சேரும். நேர வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள். டுபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னால், அதனால் சிரமமில்லை. ஜேர்மனி கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நான்கரை. ரொறன்ரோவோடு வேலை என்றால் ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியாலம். கூட்டங்கள் எல்லாம் இரவில்தான். மின்வெட்டுக்கும் இணையத் தடங்கலுக்கும் மாற்று ஏற்பாடு வைத்திருங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு சோதனை வேலை தருவார்கள். நான்கைந்து மணித்தியால வேலை என்றால் சரி. ஒரு முழு இணையத்தளத்தையே இலவசமாகக் கேட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள். சில இடங்களில் அதுதான் அவர்களின் வியாபாரம்.

ஸ்காபரோவிலும் பாரிஸின் லா சப்பல் பகுதியிலும் தமிழ் அச்சகங்கள் நிறைய. உறவினர் மூலம் அங்கே வேலை சொல்லி வைப்பார்கள். நாட்டில் சட்டப்படி கால் வைத்தபிறகு முதல் வருமானத்துக்கு அது உதவும். ஆனால் ஊதிய வரம்புக்குக் குறைந்த சம்பளமும் கையில் தரும் காசும் உங்கள் விசாவைத் தாங்காது. மறுபடியும் தாளில்லாத வருடங்களே சேரும்.

எட்டாம் படி: முகவரும் பணமும்

வேலை வாங்கித் தருவதாகக் காசு கேட்பவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும், விலகி நில்லுங்கள். கனடாவில் வேலைவாய்ப்புக் கடிதத்தை விற்பது சட்டவிரோதம். வாங்கியவருக்கும் அதில் பங்கு உண்டு. ஆட்சேர்ப்பு முகவர் என்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கவேண்டும். உரிமப் பட்டியலைப் பணியகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். கடவுச்சீட்டின் மூலப் பிரதியை யாரிடமும் ‘பொறுப்புக்கு’ கொடுக்காதீர்கள்.

காணியை ஈடுவைத்துப் போகலாமா? டிசைனர் வேலைக்கு அது தேவையில்லை என்றே சொல்வேன். தேர்வுக் கட்டணம், கல்வி மதிப்பீடு, விசாக் கட்டணம், விமானச் சீட்டு, போய் இறங்கி மூன்று மாதம் வாழும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். அதைச் சேமிக்க ஒன்றரை வருடம் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் தாள்களும் மொழியும் போர்ட்போலியோவும் சேர்ந்தே வளரும். ஜேர்மனியின் முடக்கக் கணக்கில் போடுவது உங்கள் பணம், மாதாமாதம் உங்களுக்கே திரும்பும். அதற்காகக் குடும்பத்திடம் கடன் வாங்குவதும் முகவரின் பையில் போடுவதற்காகக் கடன் வாங்குவதும் ஒன்றல்ல.

புறப்படும் முன்

ஒப்பந்தத்தில் உள்ள பதவிப் பெயரும் சம்பளமும் விசாவில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வேலைக்காகப் போகிறவர் பணியகத்தில் பதிவுசெய்யவேண்டும். விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். உங்கள் மூலக் கோப்புகளை ஒரு வன்தட்டிலும் இணையச் சேமிப்பிலும் இரண்டு பிரதிகளாக வையுங்கள். அனுபவக் கடிதம் தந்த முதலாளியின் தொலைபேசி இலக்கம் மாறவில்லை என்று ஒருமுறை அழைத்து உறுதிசெய்யுங்கள். அதிகாரிகள் அங்கே அழைத்துக் கேட்பதுண்டு, பாவம் அவர் உங்களை மறந்திருக்கக்கூடாது.

நிரந்தர வதிவிடத்தோடு போகிறவர்கள் ஊழியர் சேமலாப நிதியை வயது வரும்வரை காத்திராமல் மீளப்பெற விண்ணப்பிக்கலாம். தொழிற் திணைக்களத்தில் அதற்குரிய படிவத்தையும் தேவையான ஆவணங்களையும் இங்கே இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போனபிறகு தூதரகம் வழியாக அனுப்புவது நீண்ட வேலை.